முன் சக்கரம் திரும்ப இடம் எங்கே?

மதுரையிலிருந்து தெற்கே விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் வழியில் அவனியாபுரம் இருக்கிறது. தைத் திங்கள் முதல் நாளில் நடக்கும் ஜல்லிக்கட்டினால் பெயர் பெற்ற ஊர் இது. தனி ஊராக இருந்து, 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. அந்தச் சாலையோரம் சற்று நின்று, போகிற வண்டிகளின் முன் சக்கரங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். பேருந்தின் முன் சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி தெரியும். சாதாரணக் காரில் நான்கு விரற்கடை தெரியும். ஸ்பிரிங்கை மாற்றித் தரையை ஒட்டித் தாழ்த்திய காரிலோ ஒரு விரல் நுழைவதே அரிது. அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போது 'சர்ர்' என்று ஓர் ஓசை எழும். டயர் மட்கார்டில் உரசும் ஓசை அது.

'இதை எப்படி நிறுத்துவது?' என்று காரின் சொந்தக்காரர் கேட்பார். 'இது ஏன் உண்டாகிறது?' என்று அறிவியல் மாணவர் கேட்பார். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவதற்கும் விடை கிடைத்துவிடும். முன் சக்கரம் திரும்புவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தை எங்கிருந்து பெறுவது என்பது வண்டி செய்வோரைப் பல நூற்றாண்டுகளாக வாட்டிய சிக்கல். அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மாட்டு வண்டிக்குத் தொல்லை இல்லை

நமது மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். சக்கரத்தின் குடத்தில் அச்சு நுழைகிறது. சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி காக்கிறது. வண்டி இடப்புறம் திரும்ப வேண்டுமானால் மாடுகள் நுகத்தடியை இடப்புறம் இழுக்கின்றன. ஏர்க்கால் திரும்புகிறது, அதனோடு வண்டியும் அச்சும் ஒரே பொருளாகத் திரும்பிவிடுகின்றன. இடச் சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க, வலச் சக்கரம் சுற்றி வருகிறது. எவ்வளவு திரும்பினாலும் சக்கரத்துக்கும் வண்டியின் பக்கப் பலகைக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. ஆகவே உரசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய சக்கரம் பள்ளங்களில் ஆழமாக இறங்காமல் கடந்துவிடும். மண் பாதையில் ஓடிய நம் வண்டிகளுக்கு அத்தகைய பெரிய சக்கரங்களைத் தயங்காமல் பூட்ட முடிந்தது.

தேர் திரும்புவது எப்படி?

சக்கரங்கள் நான்காகும்போது சிக்கல் தொடங்குகிறது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி, சுந்தரேசுவரர் தேர்கள் மதுரை மாசி வீதிகளில் வலம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தேரின் அச்சுகள் அடிப்பகுதியோடு அசையாமல் பிணைக்கப்பட்டவை. சக்கரங்கள் முன்னே உருளும், பக்கவாட்டில் திரும்பா. அப்படியானால் வீதியின் மூலையில் தேர் எப்படித் திரும்புகிறது? முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் அடியில் ஆப்பு வடிவக் கட்டையைச் செருகுகிறார்கள். வடம் இழுக்கப்படும்போது சக்கரம் அந்தக் கட்டையின் சரிவில் சறுக்கிச் சிறிது திசை மாறுகிறது. இப்படிப் பல முறை செய்த பிறகே தேர் மூலையைக் கடக்கிறது. சக்கரத்துக்கு வெகு அருகில் நின்று செய்ய வேண்டிய இந்த வேலையில் ஒரு நொடி கவனம் பிசகினாலும் உயிருக்கே ஆபத்து.

திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்தது. தேரை நிறுத்துவதற்கு இவ்வாறு புதிய கருவி வந்தபோதிலும், திருப்புவதற்கு முட்டுக்கட்டையே பயன்படுகிறது.

சிறிய முன் சக்கரம்

ஐரோப்பாவின் நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் வேறொரு முறையைக் கையாண்டார்கள். முன் அச்சின் நடுவில் ஒரு பெரிய ஆணியை நிறுத்தி, அச்சு முழுவதும் அந்த ஆணியைச் சுற்றித் திரும்பும்படி செய்தார்கள். வண்டி எளிதாகத் திரும்பியது. ஆனால் சக்கரம் போய்ச் சேரும் இடத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இரு முன் சக்கரங்களுக்கும் இடையே 140 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடு ஆணியிலிருந்து ஒவ்வொரு சக்கரமும் 70 செ.மீ. தொலைவில் இருக்கும். அச்சு 30 பாகை திரும்பினால், ஒரு சக்கரம் 35 செ.மீ. பின்னோக்கி வரும், மற்றது 35 செ.மீ. முன்னோக்கிப் போகும். பின்னோக்கி வரும் சக்கரம் வண்டியின் உடலில் போய் முட்டும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் கண்டார்கள். முன் சக்கரத்தைச் சிறிதாக்கி, அது வண்டியின் அடியில் நுழைந்து போகும்படி செய்தார்கள். வண்டியின் உடலை மேலே தூக்கி வைத்தார்கள். முன்பக்கத்துச் சட்டத்தைக் கொக்கின் கழுத்துப் போல வளைத்து, அந்த வளைவின் கீழ்ச் சக்கரம் புகுமாறு அமைத்தார்கள். இந்த அமைப்பு 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய கோச்சு வண்டிப் படங்களில் முன் சக்கரங்கள் சிறியனவாகவும் பின் சக்கரங்கள் பெரியனவாகவும் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. அச்சு திரும்பும்போது வண்டி ஊன்றி நிற்கும் அடித்தளம் குறுகிவிடுகிறது. வேகமாகத் திரும்பினால் வண்டி எளிதில் கவிழ்ந்துவிடும்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஆணி

அச்சு முழுவதையும் திருப்பாமல், ஒவ்வொரு சக்கரத்தையும் அதனதன் இடத்திலேயே திருப்பினால் என்ன? இங்கிலாந்தில் மருத்துவராக இருந்த எராஸ்மஸ் டார்வின் 1758 அளவிலேயே இந்த வழியில் சிந்தித்தார். பரிணாமக் கொள்கையால் புகழ் பெற்ற சார்லஸ் டார்வினின் பாட்டனார் இவர். நோயாளிகளைப் பார்க்க மோசமான சாலைகளில் ஓயாது வண்டியில் பயணம் செய்தவர். பின்னர் ஜெர்மனியின் மூனிச் நகரில் அரசவைக்கு வண்டி செய்துவந்த கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர், 1817-இல் இம்முறையைச் செயல்படுத்திக் காட்டினார். அவருக்காக லண்டனில் 1818-இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்து, உரிமை பெற்றவரின் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் இதை ஆக்கர்மன் அமைப்பு என்றே பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

இம்முறையில் அச்சு அசையாது. அதன் இரு முனைகளிலும் தனித்தனி ஆணிகள் உண்டு. அவற்றைச் சுற்றிச் சக்கரங்கள் மட்டும் திரும்புகின்றன. சக்கரத்தின் ஆரம் 28 செ.மீ. என்றால், 30 பாகை திரும்பும்போது அதன் முன் விளிம்பும் பின் விளிம்பும் பக்கவாட்டில் சுமார் 14 செ.மீ. நகரும். 35 செ.மீ. தேவைப்பட்ட இடத்தில் 14 செ.மீ. போதும் என்றாகிவிட்டது.

கும்மியடித்து வட்டமாகச் சுற்றும் பெண்களைக் கவனியுங்கள். உள்வட்டத்தில் இருப்பவர் சிறிய வட்டத்திலும், வெளிவட்டத்தில் இருப்பவர் பெரிய வட்டத்திலும் சுற்றுகிறார்கள். வண்டி வளையும்போதும் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் செல்வதால், அது வெளிச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். ஆக்கர்மன் அமைப்பு இதற்கும் வழி செய்கிறது. காரில் திருப்பத்தின் உட்பக்கமுள்ள சக்கரமே பெரும்பாலும் முதலில் உரசுவதற்கு இது ஒரு காரணம்.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. இரண்டு முன் சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு அவருக்கு அப்போது நிறைவளிக்கவில்லை. 1893-இல்தான் இரட்டை ஆணித் திருப்பத்துக்குக் காப்புரிமை பெற்று, நான்கு சக்கரக் காரை வெளியிட்டார். குதிரை வண்டியின் நடு ஆணிக்கு வழங்கிய பெயரே மோட்டார் வண்டிக்கும் வந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் 'கிங் பின்' என்று சொல்வது அதைத்தான்.

மதுரைக்கு மோட்டார் வந்தது

திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்துக்கு அடிகோலியவர்களுள் அவர் ஒருவர். அந்தக் காலத்து வண்டிகளில் சக்கரங்கள் உடலுக்கு வெளியே நின்றன. மட்கார்டு சக்கரத்துக்குப் பிடித்த குடையைப் போல மேலே தனியாக வளைந்திருந்தது. இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் பஞ்சம் வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் மலாயா ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும் ரப்பர் கிடைப்பது அரிதாயிற்று. பெட்ரோலும் குறைந்தது. டி.வி.எஸ். நிறுவனம் பெட்ரோலுக்கு மாற்றாக வாயுக் கலன்களைச் செய்தது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழிலையும் நடத்தியது. டயர் கிடைக்காத காலத்தில் அதை உரசவிட்டுக் கெடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காரைத் தாழ்த்துவது நாகரிகத்துக்காக மட்டும் நடப்பதன்று என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினாலும் வண்டி தாழும். பல ஆண்டுகள் ஓடிய ஸ்பிரிங் தன் உயரத்தை இழந்தாலும் வண்டி தாழும். 'ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது' என்பார்கள். காரில் எந்த மாற்றமும் செய்யாத ஒருவருக்கு உரசல் ஓசை கேட்டால், முதலில் இதைத்தான் ஐயுற வேண்டும்.

சக்கரம் உடலுக்குள் புகுந்தது

1930-களிலும் 1940-களிலும் காரின் வடிவம் மாறியது. காற்றின் தடை குறையவும் உள்ளே இடம் பெருகவும், தனித்து நின்ற மட்கார்டு உடலோடு சேர்ந்துவிட்டது. சக்கரம் ஒரு குகைக்குள் புகுந்தது. 1957-58-இல் வெளிவந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரில் இந்தக் குகை தாராளமாகவே இருந்தது.

அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் 1940-களின் பிற்பகுதியில் புதிய முன் அமைப்பை உருவாக்கினார். சுருள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரம் திரும்பும் அச்சு ஆகிய மூன்றையும் ஒரே தூணில் அடக்கினார். விலை குறைவு, இடமும் மிச்சம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இதுவே இருந்தது. இன்றும் நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வமைப்பைக் கொண்டவை. மிச்சமான இடம் எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் போயிற்று. சக்கரத்துக்கு அளந்து கொடுத்த இடமே எஞ்சியது.

தாழ்த்தும் ஆசை

பந்தயக் கார்களைத் தாழ்த்துவதற்கு அறிவியல் காரணம் உண்டு. புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால், வளைவில் வண்டி சாய்வது குறையும். ஆனால் பந்தயத் தளம் சமமானது.

தெருவில் ஓடும் கார்களைத் தாழ்த்தும் வழக்கம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மெக்சிகோ வழிவந்த இளைஞர்களிடையே 1940-களில் பரவியது. பின்பக்கத்தில் மணல் மூட்டைகளை வைத்தும் ஸ்பிரிங்கை வெட்டியும் தாழ்த்தினார்கள். காரின் எந்தப் பகுதியும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 1958-இல் சட்டம் செய்தது. மறு ஆண்டே ரான் அகீரே என்பவர் விமானத்தின் ஹைட்ராலிக் பம்புகளைத் தம் காரில் பொருத்தினார். வேண்டும்போது தாழவும், காவலரைக் கண்டால் உயரவும் கார் கற்றுக்கொண்டது!

நம் ஊரில் நிலைமை வேறு. இந்தியச் சாலைக் கழகம் வகுத்த முறைப்படி அமைத்த வேகத்தடையே 10 செ.மீ. உயரம் உடையது. முறையின்றிப் போட்டவை எவ்வளவு உயரம் என்பதை நீங்களே அறிவீர்கள்.

உரசலின் கணக்கு

டயரின் தலைக்கும் மட்கார்டுக்கும் இடையே 7 செ.மீ. இருந்த காரை 4 செ.மீ. தாழ்த்தினால் 3 செ.மீ. மிஞ்சும். பள்ளத்தில் விழும்போது சக்கரம் 5 செ.மீ. மேலே வந்தால் இடிக்காமல் என்ன செய்யும்?

தாழ்த்துவோர் பெரும்பாலும் டயரையும் ரிம்மையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். டயரின் மேல் எழுதியுள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 185/65 ஆர் 15 என்றால், அகலம் 185 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு; ரிம்மின் விட்டம் 15 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. ஆகும். இதற்குப் பதில் 205/60 ஆர் 16 போட்டால் விட்டம் சுமார் 652 மி.மீ. ஆகிவிடும். 205/50 ஆர் 16 போட்டால் சுமார் 611 மி.மீ. தான். ஒரே ரிம், ஒரே அகலம், ஆயினும் முன்னது உரசலாம், பின்னது உரசாமல் இருக்கலாம்.

அடுத்தது ரிம்மின் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரோடு சேரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே இந்த எண். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 5.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதைப் போட்டால், வெளி விளிம்பு சுமார் 29 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு சுமார் 9 மி.மீ. உள்ளே போகும். இரு பக்கமும் இடம் குறைந்துவிடும்.

எங்கே உரசுகிறது?

மருந்துக்கு முன் நோயறிய வேண்டும். டயரின் இரு விளிம்புகளிலும் சுண்ணக்கட்டியைத் தடவுங்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு, வெறிச்சோடிய இடத்தில் மெதுவாக ஓட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். சுண்ணம் எங்கே அழிந்தது, எங்கே ஒட்டியது என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் உரசினால் குறை உயரத்திலோ ஸ்பிரிங்கிலோ இருக்கும். குறி பெரும்பாலும் மட்கார்டின் உள்மடிப்பில் விழும். முழுக்க ஒடிக்கும்போது மட்டும் உரசினால், குகையின் முன்புறத்திலோ பின்புறத்திலோ உள்ள பிளாஸ்டிக் மறைப்பில் குறி விழும். டயரின் அளவையும் ஆஃப்செட்டையும் பார்க்க வேண்டும். டயரின் உட்பக்கம் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் தூணில் உரசுவதாக இருக்கலாம். இது கண்ணுக்கு எளிதில் படாது. ஆகையால் மிகவும் கெடுதியானது.

எதை முதலில் செய்வது?

செலவில்லாததை முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் மறைப்பின் கிளிப் கழன்று தொங்குகிறதா? அடிக்கையின் புஷ் தேய்ந்திருக்கிறதா? ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதா? பிறகு, டயரின் அளவு கார் செய்தவர்கள் குறித்த அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அதை மாற்றுவதே முறை. அதற்கும் பின்னர் உயரத்தைச் சிறிது மீட்டுக்கொடுக்கலாம். காரைத் தாழ்த்தும்போது பெரும்பாலும் டயரின் தலை உட்பக்கம் சாய்கிறது. சக்கரங்கள் நோக்கும் திசையும் மாறுகிறது. ஆகவே உயரத்தைத் தொட்டவர் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

மட்கார்டின் உள்மடிப்பை உருளை கொண்டு மடக்குவது கடைசி வழி. சூடு காட்டி மெல்ல மடக்காவிட்டால் பெயிண்ட் வெடிக்கும், துரு புகும். உள்ளே உரசுகிறதென்று ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவோர், போல்ட்டின் மரை முன்னைப் போல முழுதும் பிடிக்கிறதா என்று பார்க்காவிட்டால் சக்கரமே கழன்றுவிடும்.

இரண்டு செயல்களை ஒருபோதும் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கைத் தீயில் காய்ச்சித் தாழ்த்தக் கூடாது. எஃகின் பதம் கெட்டு, பின்னர் அது ஒடியும். ஸ்பிரிங்கை வெட்டவும் கூடாது. வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 1.2 மடங்காகும். சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் கூடும். அடியிலுள்ள ரப்பர் கட்டையையும் அகற்றாதீர்கள்; இடிபடும்போது கடைசித் துணை அதுதான்.

ஓசை சிறிது, ஆபத்து பெரிது

ரேடியல் டயரில் எஃகுப் பட்டைகள் தரையைத் தொடும் பகுதியின் அடியில் மட்டுமே உள்ளன. பக்கச் சுவரில் இருப்பது ரப்பரும் நூலிழையும்தான். 621 மி.மீ. விட்டமுள்ள டயர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் சுழல்கிறது. தகட்டின் கூர்விளிம்பு ஒரே வட்டத்தில் அத்தனை முறை அறுத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை மீறிப் போகும். அருகிலேயே ஓடும் பிரேக் குழாயும் உரசலுக்குத் தப்புவதில்லை. காரில் இருப்பவர் மட்டுமல்லர், பக்கத்தில் சைக்கிளில் போகிறவரும் இதற்குப் பலியாகலாம்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. கார் செய்தவர்கள் குறித்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இப்பிரிவு 2000-இல் திருத்தப்பட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

மாணவ நண்பர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள கார் நிற்கும்போது, பெரியவர் ஒருவரை ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் அணைந்த பிறகு, டயரைச் சுற்றி நான்கு இடங்களில் இடைவெளியை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரை ஏற்றிவிட்டு மறுபடியும் அளங்கள். ஆட்கள் ஏறியதும் எந்த இடம் எத்தனை மி.மீ. குறைகிறது என்பதை அந்தத் தாளே காட்டும். காரைத் தாழ்த்த விரும்பும் அண்ணன்மார் யாரேனும் இருந்தால், அவர் பணம் கட்டுவதற்கு முன் அதை அவரிடம் கொடுங்கள்.